ரோபோவால் என்ன முடியாது? – வீடியோ கடை அக்கா பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பல வருஷம் வீடியோ கடை நடத்திய அக்கா, சயின்ஸ் பிக்‌ஷன் சண்டைப் படங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

லாரி ஓட்டுநர், லிந்தாங்: வீட்டில் ஐந்து பேர். குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய் ஒரு படம் பார்த்தால் டிக்கெட், பாப்கார்ன், பெட்ரோல், அப்புறம் வெளியே வந்து சாப்பாடு என்று நூறு வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. பையன்கள் ரோபோ, வேற்றுக்கிரகவாசி, கால யந்திரம் என்று இந்த மாதிரி சண்டைப் படம்தான் கேட்கிறார்கள். போன தடவை நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். காசு கொடுப்பதற்கு முன்னாலேயே படம் தேறுமா தேறாதா என்று கண்டுபிடிக்க வழி உண்டா அக்கா?

உண்டு தம்பி. நீங்கள் தூங்கியதே ஒரு விமர்சனம்தான். எந்த இடத்தில் கண் சொருகியது என்று எழுதியிருந்தால் எனக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேப்பை ரீவைண்ட் பண்ணாமல் கொடுத்தால் ஐம்பது காசு அபராதம் என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் அப்படி ஒரு டேப் வந்தால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அந்த ஐம்பது காசுக்காக இல்லை. கறுப்பு டேப்பின் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு சன்னல் இருக்குமே, அதில் பார்த்தால் சுருள் எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று தெரியும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அந்த வீட்டில் பாதிப் படத்தோடு நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு வீடு என்றால் விடிந்தால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தூக்கம் வந்திருக்கும் என்று விட்டுவிடலாம். ஜாலோங்கில் எடுத்தவரும் எல்பில் தோட்டத்தில் எடுத்தவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் கோளாறு படத்தில்தான்.

இன்னொரு தடயமும் உண்டு. பையன்கள் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தேய்ந்துபோய், திரையில் வெள்ளைக் கோடு ஓடும். ஒரு படத்தில் எது நல்ல சண்டை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடு சொல்லிவிடும்.

இவற்றை வைத்து நான் கண்டது இதுதான். சண்டை பெரிசாக இருந்தால் மட்டும் டேப் தேயாது. எதிரியால் என்ன முடியும், என்ன முடியாது என்று படம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன சொல்லை அடிதடி நடக்கும்போதும் காப்பாற்ற வேண்டும். கபடியில் இஷ்டத்துக்கு மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பாடுகிறவனை யார் நின்று பார்ப்பார்கள்?

1991-ல் வந்த டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் கேமரன் படம். வில்லன் திரவ உலோகத்தால் ஆன இயந்திரம், நினைத்த வடிவம் எடுப்பான். கேட்டதும், 'இவன்தான் எல்லாம் செய்வானே, அப்புறம் என்ன சண்டை' என்று தோன்றும். ஆனால் படம் அவனுக்கு ஆரம்பத்திலேயே ஓர் எல்லை போட்டுவிடுகிறது. தொட்ட ஆளைப் போல மாறுவான். கையைக் கத்தியாக்குவான், ஈட்டியாக்குவான். துப்பாக்கியாகவோ வெடிகுண்டாகவோ ஆக முடியாது, ஏனென்றால் அவற்றில் ரசாயனமும் அசையும் பாகங்களும் இருக்கின்றன. கடைசிவரை இந்தக் கணக்கு தப்பவில்லை. திரவ நைட்ரஜன் கொட்டினால் உறைகிறான். சுட்டால் நொறுங்குகிறான். இரும்பு உருக்கும் ஆலையின் சூட்டில் அந்தத் துண்டுகளே இளகி மறுபடி ஒன்று சேர்கின்றன. அவன் முடிவும் கொதிக்கிற இரும்புக் குழம்பில்தான். இவன் உலோகம் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டே அத்தனை திருப்பத்தையும் செய்துவிட்டார்கள். என் கடை டேப்பில் கோடு விழுந்த இடம், வறண்ட கால்வாய்க்குள் பெரிய லாரி ஒன்று மோட்டார் சைக்கிளில் போகும் பையனைத் துரத்துகிற இடம். லாரி ஓட்டுகிற உங்களுக்கு அது கூடுதலாகவே பிடிக்கும்.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. 2010-ல் ஷங்கர் எடுத்த எந்திரன். அதில் வரும் ரோபோ சிட்டிக்குப் பலம் உண்டு, அறிவு உண்டு, மனுஷ உணர்ச்சி கிடையாது. தீ பிடித்த கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிற சிட்டி, குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திவிடுகிறது. அவமானம் தாங்காமல் அந்தப் பெண் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அந்தப் படத்தில் எனக்கு மறக்காத இடம் அதுதான். சிட்டியின் எல்லை என்ன என்று வசனத்தில் கேட்டது, அங்கே ஓர் உயிரைக் குடிக்கிறது. கடைசியில் ஏகப்பட்ட சிட்டிகள் சேர்ந்து பந்தாகி, பாம்பாகி, ராட்சசனாகி எழுந்து நிற்கிற சண்டையில் உழைப்பு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் எதுவாகவும் ஆகலாம் என்று வந்த பிறகு எனக்குப் பயம் போய்க் கொட்டாவி வந்துவிட்டது. என் பேரன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஆகவே தம்பி, அடுத்த முறை பையன்கள் கேட்டால் அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள்: "இந்தப் படத்தில் ரோபோவால் என்னடா முடியாது?" ட்ரெய்லர், பேட்டி, யூடியூப் எல்லாம் கரைத்துக் குடித்த பிறகும் அவர்களுக்குப் பதில் தெரியாவிட்டால், வீட்டு டிவியில் வரும்வரை பொறுத்திருக்கலாம். பதில் பளிச்சென்று வந்தால் வண்டியை எடுங்கள்.

கல்லூரி மாணவி, தைப்பிங்: ட்ரெய்லர் பார்த்து ஏமாந்துபோவதே எனக்கு வழக்கமாகிவிட்டது. ட்ரெய்லரை எப்படிப் பார்க்க வேண்டும்?

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாரும்மா. ட்ரெய்லரில் பாதி வேலையை மத்தளமும் 'டமார்' சத்தமும்தான் செய்கின்றன. அதை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று தெரிந்துவிடும். யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், அடி யார் மேல் விழுகிறது, விழுந்தவர் எங்கே போய் விழுந்தார் என்று சத்தமில்லாமலே புரிகிறதா? புரிந்தால் சண்டையை யோசித்து எடுத்திருக்கிறார்கள். முகம், கை, கண்ணாடிச் சில்லு, மறுபடி முகம் என்று சிதறிக் கிடந்தால், படத்திலும் இரண்டரை மணி நேரம் அதேதான் கிடைக்கும்.

காட்சியை வேகமாக வெட்டி வெட்டிக் காட்டினாலே தப்பு என்று நினைத்துவிடாதே. 2015-ல் வந்த மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்டில் வெட்டுக்குப் பஞ்சமில்லை. எடிட்டர் மார்கரெட் சிக்ஸலுக்கு அதற்காக ஆஸ்கார் விருதே கிடைத்தது. ஆனாலும் கண் தடுமாறாது. நாம் பார்க்க வேண்டியதை ஷாட்டுக்கு ஷாட் பெரும்பாலும் திரையின் நடுவிலேயே வைத்திருப்பார்கள். முகம் இருந்த இடத்தில் துப்பாக்கி, துப்பாக்கி இருந்த இடத்தில் சக்கரம். கண் தேடி அலைய வேண்டியதில்லை. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் நமீபியப் பாலைவனத்தில் நிஜ வண்டிகளை ஓட்டி எடுத்தார். ஓடுகிற வண்டியில் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் ஆட்கள் ஊசலாடுகிறார்களே, அவர்களும் நிஜ ஆட்கள்தான். வண்டி புரளும்போது மண் எப்படிக் கிளம்புகிறது என்று பார். கனம் தெரியும். கம்ப்யூட்டரில் செய்த வண்டி பல படங்களில் காற்றடைத்த பொம்மை மாதிரி துள்ளும்.

அப்புறம், ட்ரெய்லரில் கட்டடம் சரிகிற காட்சியே திரும்பத் திரும்ப வந்தால், படத்தில் காட்ட வேறு சரக்கு இல்லை என்று எடுத்துக்கொள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர், குவாலா கங்சார்: விண்வெளியில் காற்றே கிடையாது, சத்தம் கேட்காது. படத்தில் மட்டும் கப்பல் 'பூம்' என்று வெடிக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருப்பதால் என் மனைவி இனி என்னோடு படத்துக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார். அறிவியல் தப்பான படத்தை எப்படி ரசிப்பது?

வாத்தியார் ஐயா, நான் உங்கள் வீட்டம்மா கட்சி.

வெடிக்கிற சத்தத்தை விட்டுவிடுங்கள். அது பின்னணி இசை மாதிரி. காட்டு வழியில் நாயகி அழும்போது வயலின் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதில்லையே. இந்த வகைப் படத்துக்கு ஒரே ஒரு பெரிய பொய் சொல்ல நான் அனுமதி கொடுப்பேன். கால யந்திரம் உண்டு என்கிறாயா, சரி, உண்டு. ஆனால் அந்தப் பொய்யிலிருந்து வருகிற மற்றதெல்லாம் ஒழுங்காக வர வேண்டும். இரண்டாவது பொய்யை முதல் பொய்யை மறைப்பதற்காகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

2015-ல் ரவிக்குமார் இயக்கிய இன்று நேற்று நாளை பார்த்தீர்களா? சண்டையைவிடச் சிரிப்புதான் அதிகம். ஆனாலும் நான் சொல்வதற்கு அதைவிட நல்ல உதாரணம் தமிழில் உடனே எனக்குத் தோன்றவில்லை. 2065-ல் செய்த கால யந்திரம் நம் காலத்து இளைஞர்கள் இரண்டு பேர் கையில் சிக்குகிறது. முதலில் காணாமல்போன பொருளைத் தேடிக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். அப்படி ஒரு பயணத்தில் இவர்கள் குறுக்கே போய் மாட்டப்போக, செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்துவிடுகிறான். இந்தப் பக்கம் திரும்பி வந்தால் அவன் உயிரோடு, அதுவும் பழைய ஆட்டத்தோடு நடமாடுகிறான். யந்திரம் எப்படி ஓடுகிறது என்று உங்கள் பாடநூலை வைத்துக் கேட்டால் படம் நிற்காது. போனால் விளைவு உண்டு என்று சொன்னார்கள், விளைவு வந்தது. பெரிய சண்டைப் படங்கள் கோடி கோடியாகக் கொட்டியும் இந்த ஒரு கணக்கில்தான் கோட்டை விடுகின்றன.

திருத்தியே ஆக வேண்டும் என்று கை அரித்தால், ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போய் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் உங்களைவிட அதிகம் கண்டுபிடித்திருப்பார்கள்.

தொழிற்சாலை ஊழியர், கமுந்திங்: ஒருவர் 'தரமான சம்பவம்' என்கிறார், அடுத்தவர் 'மொக்கை' என்கிறார். எந்த யூடியூப் விமர்சனத்தை நம்புவது?

படத்தின் செலவு எத்தனை கோடி, முதல் நாள் வசூல் எவ்வளவு என்றே பேசிக்கொண்டிருப்பவரை விட்டுவிடுங்கள். அந்தக் காசில் உங்களுக்குப் பங்கு வரப்போவதில்லை. ஒரு காட்சியையாவது எடுத்து, அதில் என்ன நடக்கிறது, ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்பவர் யாராவது இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். அவர் ரசனையும் உங்கள் ரசனையும் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் திட்டுகிற விஷயம் உங்களுக்குப் பிடித்த விஷயமாக இருக்கலாம்.

அதைவிட நல்ல வழி உங்கள் ஷிப்டிலேயே இருக்கிறது. முதல் நாளே போய்ப் பார்த்த கூட்டாளி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் 'படம் நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் லேசில் 'இல்லை' என்று சொல்ல மாட்டார். 'எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தே?' என்று கேளுங்கள். "எடுக்கவே இல்லை" என்றால் அன்றைக்கே டிக்கெட் போடலாம். "அந்த விஞ்ஞானி விளக்கம் சொல்ற இடத்துல" என்றால் சகித்துக்கொள்ளலாம், பல நல்ல படத்திலும் அந்த இடம் அப்படித்தான். "கடைசி சண்டையிலே" என்று சொன்னாரோ, போச்சு. சண்டைப் படத்தில் சண்டையின்போது வாட்ஸ்அப் பார்க்கிறார் என்றால் அதற்கு மேல் விமர்சனம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்), சாலாக்: நாங்கள் வாத்தியார் எம்.ஜி.ஆரின் கலை அரசியைத் தோட்டத்துத் திடலில் பார்த்தவர்கள். பறக்கும் தட்டு அப்போதே வந்துவிட்டது. இன்றைய படங்களில் அதைவிட என்ன புதிதாக இருக்கிறது?

ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தீர்கள்? எங்கள் தோட்டத்தில் வெள்ளைத் துணியை இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டுவார்கள். முன்பக்கம் கிராணி வீட்டு நாற்காலிகள், அதற்குப் பின்னால் பாய். பிந்தி வருகிற எங்களுக்குத் துணியின் பின்பக்கம்தான் கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். டவுனில் முதல் தடவை தியேட்டருக்குப் போனபோது அவர் வலது கைக்காரர் என்று பார்த்து எனக்கு ஒரே ஏமாற்றம்.

கலை அரசி 1963-ல் வந்தது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் அப்போது இரண்டே வருஷம். நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அட்டையும் தகரமும் வைத்துச் செய்த தட்டு என்று இன்றைக்குப் பார்க்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் வேற்றுக்கிரகத்து ஆட்கள் ஏன் பூமிக்கு வந்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அவர்கள் ஊரில் எல்லாம் உண்டு, கலை மட்டும் இல்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பானுமதி பாடிக் கேட்டவர்கள் யாரும் இந்தக் காரணத்தை மறுக்க மாட்டார்கள். இன்று வருகிற வேற்றுக்கிரகவாசிகளில் பாதிப் பேருக்கு நகரத்தை இடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அத்தனை தூரம் பயணம் செய்து வந்து, வந்த வேகத்தில் பாலத்தை ஏன் உடைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

புதிது என்று கேட்டால், தந்திரக் காட்சிகளின் தரம் எங்கேயோ போய்விட்டது. அதற்காகவே ஒன்றிரண்டு பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள் ஐயா, ஆனால் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள்.

இல்லத்தரசி, சுங்கை சிப்புட்: என் மகளுக்கு ஒன்பது வயது. ரோபோ படம்தானே என்று கூட்டிப்போகலாமா?

ரோபோ என்றால் குழந்தைப் படம் என்று முடிவு பண்ணாதீர்கள் அம்மா. முன்பதிவு செய்யும் இடத்திலேயே தணிக்கைக் குறி போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். யு என்றால் எல்லாருக்கும். பி12 என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு பெரியவர் துணை இருக்க வேண்டும். 13, 16, 18 என்று வெறும் எண்ணாக இருந்தால் அந்த வயது ஆனவர்களுக்கு மட்டும்தான், கெஞ்சிக் கேட்டு உள்ளே கூட்டிப்போகிற வேலை வேண்டாம். பி12 படமாக இருந்தால் நீங்களோ வீட்டுக்காரரோ முதலில் ட்ரெய்லரைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் ரத்தத்தைவிட, இருட்டில் திடீரென்று வருகிற முகத்துக்குத்தான் பயப்படுவார்கள்.

கடைக்காரர், பாடாங் ரெங்காஸ்: 3டிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

3டி கேமராவிலேயே எடுத்த படம் என்றால் கொடுக்கலாம். 2018-ல் வந்த 2.0 படம் அப்படி எடுத்ததுதான், செல்போன்கள் கூட்டமாகப் பறந்து வருகிற இடங்களில் அந்தக் காசு தெரிந்தது. சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு 3டியாக மாற்றிய படங்களில் பல, காகிதத்தில் வெட்டி வரிசையாக நிறுத்தினது போலத் தெரியும். இன்னொன்று, கண்ணாடி போட்டால் திரை மங்கும். கதை முக்கால்வாசி ராத்திரியிலும் சுரங்கத்திலும் நடக்கிறது என்றால் சாதாரண டிக்கெட்டே போதும். ஏற்கெனவே மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு மேலே இன்னொன்று மாட்டினால் மூக்கும் வலிக்கும்.

புதுமணத் தம்பதி, ஈப்போ: தீபாவளிக்கு ஒரே நேரத்தில் இரண்டு படம். அவருக்கு விண்வெளிச் சண்டை வேண்டும், எனக்குக் குடும்பப் படம் வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது?

யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே மாலில் ஓடினால் இரண்டு ஹாலுக்கும் ஆளுக்கொரு டிக்கெட் எடுங்கள். முடிகிற நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சண்டைப் படம் எப்படியும் அரை மணி நேரம் இழுக்கும். முதலில் வெளியே வருகிறவர் சாப்பாட்டுக் கடையில் இடம் பிடித்து இரண்டு தே தாரிக் சொல்லி வைக்கட்டும். படக் கதையை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் மாற்றிப் பார்க்க ஆசை வரலாம்.